அண்ணாந்து பார்த்தவள்

துன்யா பட்டப்படிப்பில் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டு நாய்க்குச் சந்தோஷம் வருவது நின்றுபோனது. நாய் என்னவோ பழையபடி குதித்துக்கொண்டும் வாலை ஆட்டிக்கொண்டும்தான் இருந்தது. ஆனால் அதைச் சந்தோஷம் என்று யாரும் சொல்லக்கூடாது.

"வால் முதுகு மட்டத்துக்கு மேல இருக்கு, வேகமா ஆடுது. அப்படிச் சொல்லும்மா."

அம்மா ரதொய்கா கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்ப்பாள். "தினம் அதுக்குச் சாப்பாடு போடுறவ நான். அது சிரிக்குதா அழுவுதான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. உனக்கு அப்படித் தோணுது. தோணுறது வேற, பாக்குறது வேற."

"உன்னைப் படிக்க வெச்சது என் தப்பு. எனக்கு அப்படித் தோணுது."

துன்யா நோவி சாட் நகரத்தில் தங்கி விலங்குகளின் நடத்தை, நலம், பாதுகாப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தாள். இதை அக்கம்பக்கத்தாருக்கு விளக்கி ரதொய்காவுக்கு அலுத்துவிட்டது. மாட்டு டாக்டர் என்று சொல்லித் தொலைத்தாள். அதன் பலனாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி நொண்டும் வாத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். துன்யா அந்த வாத்தை வெகுநேரம் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துவிட்டு, அது இடது காலில் எடையைக் குறைவாகப் போடுகிறது என்றாள். அது எனக்கே தெரியும் என்று சொல்லி வாத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள் அவள்.

பெலா லிபா சின்ன ஊர். நடுவில் ஒரு சதுக்கம், அதன் ஒரு பக்கம் நகராட்சிக் கட்டடம், எதிரே தேவாலயம், மூலையில் நூலகம். சதுக்கத்தில் நிற்கும் பைன் மரங்களிலும் லிண்டன் மரங்களிலும் குளிர்காலம் முழுக்க நீள்காது ஆந்தைகள் பகலில் தூங்கும், அந்தி சாய்ந்ததும் வயல்களுக்கு எலி பிடிக்கப் போய்விடும். ஒரு மரத்தில் இத்தனை ஆந்தையா என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் மரத்தடியில் காரை நிறுத்தமாட்டார்கள். ஆந்தையைப் பார்க்கக் கூட்டம் வர ஆரம்பித்த பிறகு பேக்கரியில் ஆந்தை பிஸ்கட் வந்தது, நகராட்சி வாசலில் மர ஆந்தை வந்தது. அதுவரை அபசகுனம் என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள்கூட அறை வாடகைக்கு என்று பலகை மாட்டினார்கள்.

அந்த ஆந்தைகளைத்தான் துன்யா பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, குளிர்காலத்தில் ஊருக்கே வந்து தங்கினாள். சத்தம் ஆந்தைகளின் ஓய்வைக் கெடுக்கிறதா என்பது கேள்வி. நிம்மதியாக இருக்கும் ஆந்தை இறகைப் பொம்மென்று உப்பிக்கொண்டு, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, உருண்டையாக உட்காரும். மிரண்ட ஆந்தை உடம்பை ஒடுக்கி, கழுத்தை நீட்டி, காது இறகுகளை நட்டுக்கொண்டு, காய்ந்த கிளை மாதிரி நிற்கும். துன்யாவின் கணக்கில் முதலாவது உருண்டை நிலை, இரண்டாவது குச்சி நிலை. நிம்மதி, மிரட்சி என்ற சொற்களை அவள் ஆய்வில் ஓர் இடத்திலும் எழுதவில்லை என்பது அவளுக்குப் பெருமை.

வேலையில் குறை சொல்ல முடியாது. வெளியூர்க் கூட்டம்கூட வராத, சந்தடியில்லாத நாட்களில் நூலக மாடியில் ஹீட்டர் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து, காபி குடித்தபடி தொலைநோக்கியில் பார்த்தாள். திருமணம், சந்தை, ஊர்வலம் என்று சத்தம் வரும் நாட்களில் மட்டும் சிவப்புக் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, சத்தம் அளக்கும் கருவியோடு மரத்தடிக்கே இறங்கிப் போய் நின்று பார்த்தாள். ஆந்தையின் காதில் விழும் சத்தத்தை ஆந்தைக்குப் பக்கத்தில் நின்றுதானே அளக்க முடியும். கால் விறைத்தாலும் நகரமாட்டாள். இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. முடிவு பளிச்சென்று வந்தது. அமைதியான நாட்களில் ஆந்தைகள் உருண்டை, சத்தமான நாட்களில் குச்சி. பேராசிரியர் எமெஷே யாரையும் எளிதில் பாராட்டாதவர். அவரே முடிவு தெளிவாக இருக்கிறது என்று எழுதி அனுப்பினார்.

நகராட்சிக்கும் ஒரு பிரதி போனது. ஆந்தை என்றால் தலைவருக்கு உயிர். இலையுதிர்காலக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேறியது. நவம்பர் முதல் மார்ச் வரை சதுக்கத்தில் மேளம், ட்ரம்பெட், வெடி எதுவும் கூடாது. உள்ளூர் டிவியில் துன்யா பேசினாள். மகள் டிவியில் வருகிறாள் என்று ரதொய்கா தெருவையே கூட்டி உட்காரவைத்து, அவள் பேசியதில் ஒரு வார்த்தை புரியாமல் கைதட்டினாள்.

அதற்கடுத்த வாரம் அண்ணன் வெசெலின் ஆஸ்திரியாவிலிருந்து போன் செய்தான். அவன் அங்கே லாரி ஓட்டுகிறவன். கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில்தான் நீண்ட விடுப்பு.

"கல்யாணம் முடிவாயிடுச்சு. நம்ம ஊர்லதான். நகராட்சில பதிவு, அப்புறம் எதிர்க்க கோயில். தியானா வீட்டுல சரின்னுட்டாங்க. அவங்க சித்தப்பா ட்ரம்பெட் கோஷ்டியோட வர்றாராம்."

ரதொய்கா மகளைப் பார்த்தாள். மகள் நாயைப் பார்த்தாள்.

தியானா தெற்கே மலைப்பக்கத்துப் பெண். அங்கே குழந்தை பிறந்தாலும் ட்ரம்பெட், பட்டாளத்துக்குப் போனாலும் ட்ரம்பெட். துன்யாவின் சமவெளியில் தம்புரிட்சா என்ற நரம்பு வாத்தியத்தை மெல்ல மீட்டி, கண்ணை மூடிக்கொண்டு பாடினால் கல்யாணம் முடிந்தது. அதைக் கேட்டால் தெற்கத்தியர்கள் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள்.

கல்யாண வாரத்தின் தொடக்கத்தில் வெசெலின் விடுப்பில் வந்தான், தியானாவும் அவள் அப்பா மிலோவனும் ஏற்பாடுகளைப் பார்க்க வந்து இறங்கினார்கள். மிலோவன் வாசலை அடைத்து நிற்கிற ஆள். தானும் ட்ரம்பெட் வாசிப்பவர். பெட்டியைத் தோளிலேயே மாட்டிக்கொண்டுதான் வந்தார். தியானா ஒல்லியான, பேச்சு குறைந்த பெண். வெசெலினிடம் மட்டும் கலகலவென்று பேசினாள் என்பதை துன்யா முதல் நாளே குறித்துவைத்தாள்.

மதிய விருந்துக்கு ரதொய்கா கோழி சூப், முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய இறைச்சி, கசகசா தூவிய நூடுல்ஸ் என்று மேசையை நிரப்பினாள். மல்பெரிச் சாராயம் சின்னக் கோப்பைகளில் இறங்கியது. மருமகளாக வரப்போகிறவள் சூப்பை எப்படிக் குடிக்கிறாள், ரொட்டியை எப்படிப் பிய்க்கிறாள் என்று ரதொய்கா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தியானா முதுகை நிமிர்த்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பாதியாகச் சுருங்கிப் போய் உட்கார்ந்திருந்தாள். இது துன்யாவின் கண்ணில் பட்டது. வந்தவளுக்குக் குளிர்கிறது போல என்று ஹீட்டரைக் கூட்டினாள். படித்த பெண் அல்லவா.

மிலோவன்தான் ஆரம்பித்தார். "சம்பந்தி, வழியில ஒருத்தர் என்னமோ சொன்னார். சதுக்கத்துல ட்ரம்பெட் ஊதக்கூடாதாமே."

"ஆமாங்க," என்று ரதொய்கா நூடுல்ஸை அவர் தட்டில் மலையாகக் குவித்தாள். வாய் நிறைந்தால் பேச்சு நிற்கும் என்பது அவள் அனுபவம். இந்த முறை பலிக்கவில்லை.

"யாரு போட்ட சட்டம் அது?"

மேசையே துன்யாவைப் பார்த்தது.

"மாமா, ஆந்தைங்க பகல்ல தூங்குது. சத்தம் கேட்டா அதுங்களுக்கு ஓய்வு கெட்டுப்போவுது. ரெண்டு குளிர்காலம் பாத்து நிரூபிச்சிருக்கேன்."

"எங்க ஊர்ல ஆந்தை கூரையில உக்காந்தா சாவு வருதுன்னு விரட்டுவோம். இங்க அது தூங்குதுன்னு கல்யாணத்தை வாயைக் கட்டி நடத்தணுமா?"

"வாயைக் கட்ட வேண்டாம் மாமா. கோயிலுக்குள்ள பாடலாம். மண்டபத்துக்குப் போனப்புறம் விடிய விடிய ஊதலாம். நகராட்சியிலிருந்து கோயில் வரைக்கும், அந்தச் சதுக்கத்தைத் தாண்டுற நேரம் மட்டும்தான்."

"அந்த நேரம்தாம்மா கல்யாணம்." மிலோவன் கோப்பையைக் கீழே வைத்தார். "ஊர் பாக்க என் பொண்ணு நடந்து போற நேரம் அது. எங்க ஊர்ல சாவு ஊர்வலத்துக்குக்கூட ட்ரம்பெட் உண்டு. என் பொண்ணை அதைவிடக் கேவலமா, ஊமை மாதிரி நடத்திக் கூட்டிட்டுப் போவீங்களா?"

அவர் கழுத்து நரம்பு புடைப்பதை துன்யா உன்னிப்பாகக் கவனித்தாள். கவனித்தது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏம்மா என்னை முறைக்கிற?"

"முறைக்கல மாமா. கவனிக்கிறேன்."

"அதை அந்தப் பக்கம் திரும்பிச் செய்."

அவர் எழுந்தார், பெட்டியைத் தோளில் மாட்டினார், வெளியே போய்விட்டார். தியானா அறைக்குள் போய்ச் சூட்கேஸைத் திறந்து, எடுத்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக மறுபடி உள்ளே வைத்தாள். அழவில்லை. மடித்து மடித்து வைத்தாள். அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழகாத பெண்.

வெசெலின் தங்கையிடம் வந்தான். சத்தம் போடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் போடவில்லை.

"உன் ஆந்தை எனக்கு வேண்டாதது இல்ல துன்யா. சின்ன வயசுல அடிபட்ட குஞ்சை உனக்கு எடுத்துட்டு வந்து குடுத்ததே நான்தான். ஆனா எனக்கு இவ வேணும். இவ இல்லாம திரும்பிப் போய் அந்த லாரியில தனியா உக்கார என்னால முடியாது."

அண்ணன் மேல் அவளுக்கு உயிர். ஆனால் ஆந்தைக்குப் பேச வேறு யார் இருக்கிறார்கள்? தான் சொன்னது உண்மை என்றால் உண்மைதான், அண்ணனுக்கு ஒன்று ஊருக்கு ஒன்று கிடையாது. அப்படி நினைத்து அவள் நிமிர்ந்த நேரத்தில் சதுக்கத்துப் பக்கமிருந்து ட்ரம்பெட் கேட்டது.

மிலோவன் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டார். கல்யாண ஆட்டத்துக்கு ஊதும் பாட்டைத் தனி ஆளாக, அடிவயிற்றிலிருந்து எடுத்து ஊதினார். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள்.

துன்யா தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினாள். முதலில் நூலக மாடிக்குத்தான் போனாள். தடையைக் கண்காணிக்க இந்தக் குளிர்காலம்தான் அங்கே ஜன்னலில் அவள் வைத்த கேமரா பகலெல்லாம் மரங்களைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். அது ஓடுகிறதா என்று பார்த்தாள், ஓடியது. நல்ல ஆதாரம், தீர்மானத்தை இனி யாராலும் அசைக்க முடியாது. மரத்தைப் பார்க்கக்கூட நிற்காமல் படியிறங்கினாள். அவள் சதுக்கத்தைக் கடப்பதற்குள் மிலோவன் ஊதி முடித்து, ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். துன்யா மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கிளைக்குக் கிளை குச்சிகள். ஆரஞ்சுக் கண்கள் எல்லாம் அவளையே பார்த்தன.

"பாத்தீங்களா மாமா. இதைத்தான் சொன்னேன்."

மிலோவன் மேலே பார்க்கவில்லை. ஊதும்போது இருந்த ஆள் இல்லை அவர், தோள் இறங்கியிருந்தது. "தியானாவோட அம்மா இருந்திருந்தா ஏதாச்சும் பேசிச் சரி பண்ணியிருப்பா. எனக்கு ஊதத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

துன்யாவுக்கு அது சுருக்கென்றது. இருந்தாலும் நூலகத்துக்கே திரும்பினாள். நகராட்சிக்கு அனுப்ப வேண்டிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து காபியை ஒரு வாய் குடித்து வீடியோவை ஓடவிட்டாள்.

திரையில் மரம் நிறைய உருண்டைகள். கீழே மிலோவன் வந்து நிற்கிறார், பெட்டியைத் திறக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறார். கன்னம் உப்புகிறது. மேலே ஓர் ஆந்தை ஒரு கண்ணைப் பாதி திறந்து மூடியது. இன்னொன்று இழுத்து வைத்திருந்த காலை மாற்றிக்கொண்டது. மற்றவை கண்ணையே திறக்கவில்லை. துன்யா சத்தத்தைக் கூட்டிவைத்துப் பார்த்தாள். ட்ரம்பெட் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கிற மாதிரி ஒலித்தது, உருண்டைகள் உருண்டைகளாகவே இருந்தன. பாட்டு முடிந்தது. அப்போதும் உருண்டை.

பிறகு திரையின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு சிவப்புத் தொப்பி உள்ளே வந்தது. மரத்தடியில் நின்றது. அண்ணாந்தது.

முதலில் கீழ்க்கிளை, பிறகு அதற்கு மேல் கிளை, பிறகு உச்சி. மரம் முழுக்கக் குச்சியானது.

காபி ஆறிப்போகும்வரை துன்யா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். அந்தத் தொப்பி அம்மா பின்னியது, ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. அமைதியான நாட்களில் அவள் எங்கே இருந்தாள்? இதே ஹீட்டர் பக்கத்தில். சத்தமான நாட்களில்? மரத்தடியில், கருவியோடு, கால் விறைக்க, கண்ணிமைக்காமல். இரண்டு குளிர்காலமாக அவள் அளந்தது ட்ரம்பெட்டை அல்ல, தன்னைத்தான். சந்தைக்கு வருகிறவன் முட்டைக்கோஸைப் பார்க்கிறான், கல்யாணத்துக்கு வருகிறவன் பெண்ணைப் பார்க்கிறான். ஆந்தையை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றவள் அந்த நாட்களில் இவள் ஒருத்திதான்.

பேராசிரியருக்குப் போன் செய்தாள். பாதி சொல்வதற்குள் குரல் உடைந்தது.

எமெஷே முழுவதும் கேட்டார். பிறகு போனில் புஸ்ஸென்று மூச்சு வந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று துன்யாவுக்குத் தெரிந்தது.

"மேடம், நீங்க சிரிக்கிறீங்க."

"மூச்சு வேகமா வருது. வேற எதுவும் நீ எழுதக்கூடாது." பிறகு குரல் மாறியது. "உன் திட்டத்துல கையெழுத்துப் போட்டது நான்தான். எனக்கும் தோணல. அழாத. ஆந்தை எதுக்கு மிரளுதுன்னு இப்பத்தான் நிஜமாவே தெரிஞ்சிருக்கு. தலைப்பை மாத்து, மறுபடியும் பண்ணு."

"இன்னொரு குளிர்காலமா?"

"இன்னொரு குளிர்காலம்தான்."

கோடையில் பட்டம் வாங்கியதும் மேற்கே கழுகுப் பாதுகாப்பு நிலையத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது. ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னால் அவர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். அது மட்டுமா? டிவியில் பேசிய வாயால் ஊர் முன்னால் தப்பு என்று சொல்ல வேண்டும். பேக்கரிக்காரி ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாள். இந்த வீடியோவை வேறு யாரும் பார்க்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் அது இல்லாமலே போய்விடும். அவள் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே வெகுநேரம் இருந்தது. இதையும் நான் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும், நம் துன்யா அப்படியொன்றும் புனிதவதி இல்லை.

வீட்டுக்கு வந்தபோது நடையில் தியானாவின் சூட்கேஸ் கட்டித் தயாராக நின்றது. அதன் மேல் கல்யாணத்தன்று விருந்தினர் சட்டையில் குத்திக்கொள்ள அவள் தன் கையால் கட்டிக்கொண்டு வந்திருந்த ரோஸ்மேரிக் கொத்துகள் ஒரு பையில் இருந்தன. அதைத் திரும்ப எடுத்துப்போவதா விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். துன்யா அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய் அடுப்படி மேசையில் வைத்தாள்.

"அண்ணி, ஒரு நாள் பொறுங்க. நாளைக்கு நகராட்சிக் கூட்டம் இருக்கு. உங்கப்பாவும் வரணும்."

மறுநாள் கூட்டத்தில் உறுப்பினர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். மிலோவன் கடைசி வரிசையில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துன்யா எழுந்து நின்றாள். காது மடல் கொதித்தது.

"நான் குடுத்த அறிக்கை தப்பு," என்றாள். "ஆந்தைங்க சத்தத்துக்கு மிரளல. என்னைப் பாத்து மிரண்டிருக்கு."

வீடியோவைப் போட்டாள். சிவப்புத் தொப்பி உள்ளே வந்து அண்ணாந்தது, மரம் குச்சியானது. பிறகு கூடம் அதிர்ந்தது. பேக்கரிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ரதொய்கா மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல கம்பளில பின்னினது அது," என்று பக்கத்தில் இருந்தவளிடம் கடுப்பாகச் சொன்னாள்.

தலைவர் கையை உயர்த்தினார். "அப்ப ட்ரம்பெட்டை விட்டுட்டு உன்னைத் தடை பண்ணணும்னு சொல்றியா?"

"என்னை மட்டும் இல்லைங்க. மரத்தடியில நின்னு அண்ணாந்து பாக்குற எல்லாரையும்."

தலைவரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அம்மாடி, ஊருக்கு வர்றவன் அண்ணாந்து பாக்கத்தான் வர்றான். பாக்காதேன்னா பிஸ்கட் வாங்கிட்டுப் போகவா வருவான்?"

"தள்ளி நின்னு பாக்கட்டும். மரத்தைச் சுத்திக் கயிறு கட்டிடுங்க. இல்லன்னா நூலக மாடியிலிருந்து பாக்கட்டும், அங்க ஹீட்டர் இருக்கு. எவ்வளவு தள்ளி நிக்கணும்னு அடுத்த குளிர்காலம் நான் அளந்து சொல்றேன். என் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகுது, எப்படியும் இங்கதான் இருப்பேன்."

நூலக மாடியில் காபியும் விற்கலாம் என்பது தலைவருக்கு உடனே தோன்றிவிட்டது. அதற்குமேல் அவர் எதிர்ப்புக் காட்டவில்லை. கல்யாணத்தைச் சோதனையாக வைத்துக்கொள்வது, ட்ரம்பெட் ஊதலாம், ஆனால் ஒருவரும் மேலே பார்க்கக்கூடாது, கேமரா ஓடட்டும், முடிவைப் பார்த்து மேற்கொண்டு பேசலாம் என்று தீர்மானமானது.

வெளியே மிலோவன் துன்யாவுக்காகக் காத்திருந்தார். கட்டிப்பிடித்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். அவர் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இதைச் சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆந்தைக்குத் தெரியும் மாமா."

"என் பாட்டுக்கு ஒண்ணுகூடக் கண்ணைத் திறக்கலையே," என்றார் அவர். அதில்தான் அவருக்கு வருத்தம்.

சனிக்கிழமை நடந்த அந்தக் கல்யாணத்தை பெலா லிபாவில் இன்றும் பேசுகிறார்கள். பதிவு முடிந்து நகராட்சிக் கதவு திறந்தது. தெற்கத்திய கோஷ்டி சதுக்கத்தில் இறங்கி, பூமி பிளக்கிற மாதிரி ஊதியது. ட்ரம்பெட் வாசிக்கிறவன் வழக்கமாக வாத்தியத்தை வானத்தைப் பார்த்துத் தூக்குவான். இவர்கள் எல்லாரும் தலையைக் கவிழ்த்துப் பனியைப் பார்த்து ஊதினார்கள். மிலோவன் ஆட்களை அப்படி மிரட்டி வைத்திருந்தார். மாப்பிள்ளை பெண்ணின் காலணியைப் பார்த்து நடந்தான், பெண் மாப்பிள்ளையின் காலணியைப் பார்த்து நடந்தாள். விருந்தினர் எல்லாரும் ரோஸ்மேரியைக் குத்திக்கொண்டு, கைகோத்து, குனிந்த தலையோடு வளைந்து வளைந்து ஆடினார்கள். அன்று எடுத்த ஒரு படத்திலும் ஒரு முகமும் தெரியாது, எல்லாம் உச்சந்தலை.

துன்யா தொப்பி போடவில்லை. ஒரு கையை மிலோவன் பிடித்திருந்தார், மறு கையைத் தியானா. மரங்களை நெருங்கியதும் கழுத்து தானாக மேலே போகப் பார்த்தது. இரண்டு வருடப் பழக்கம். அவை உருண்டையா குச்சியா என்று தெரிந்துகொள்ளாவிட்டால் செத்துவிடுவோம் என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பனியில் பதியும் தன் கால்களையே பார்த்தாள். தியானா அவள் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

"பாக்கணும் போல இருக்கா?" என்றாள் தியானா, குனிந்தபடியே.

"உயிர் போகுது அண்ணி."

தியானா சிரித்தாள். வெசெலினிடம் சிரிக்கிற அதே சிரிப்பு. அப்படியே கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் காலையில் எல்லாரும் தாமதமாக எழுந்தார்கள். புது மருமகள் முதல் காலையில் தன் கையால் காபி போட்டுத் தர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். தியானா அடுப்பின் முன்னால் நின்றாள். ரதொய்கா நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தாள், தண்ணீர் எவ்வளவு வைக்கிறாள், பொடியை எப்போது போடுகிறாள், நுரை பொங்கும்போது கரண்டியை எப்படிப் பிடிக்கிறாள். தியானாவின் கழுத்து நீண்டுகொண்டே போனது. முழங்கைகள் விலாவோடு ஒட்டிக்கொண்டன.

துன்யா நூலகத்துக்குப் போய் எடுத்து வந்திருந்த வீடியோவை மேசையில் வைத்து ஓட்டினாள். வெசெலினும் மிலோவனும் இரண்டு பக்கமும் குனிந்தார்கள். ட்ரம்பெட் முழங்கியது, உச்சந்தலைகள் ஆடின, மேலே மரம் மரமாக உருண்டைகள். துன்யாவின் மனம் நிறைந்தது. திடீரென்று ஓரத்து மரத்தில் மட்டும் ஒரு கிளை குச்சியானது.

"யாரோ பாத்துட்டாங்க," என்றான் வெசெலின்.

துன்யா படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். குனிந்த தலைகளுக்கு நடுவே ஒரே ஒரு முகம் முழுசாக மேலே பார்த்தது. பச்சைச் சால்வை, வாய் லேசாகத் திறந்திருந்தது.

எல்லாரும் ரதொய்காவைப் பார்த்தார்கள்.

"என்ன?" என்றாள் அவள். "பாவம், அத்தனை குளிர்ல அதுங்க போர்வை கீர்வை இல்லாம எப்படித் தூங்குதோன்னு பாத்தேன். பெத்த பொண்ணு ரெண்டு வருஷமா அதுங்களோட கிடக்குறா, ஒரு தடவை பாத்தா குத்தமா?"

இரண்டு வருடமாக அம்மா ஒருமுறைகூட அந்த மரங்களைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. துன்யா எழுந்து போய் அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

"சரி சரி, விடு. காபி பொங்குது பாரு," என்று ரதொய்கா மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பி மருமகளின் கையை முறைத்தாள். தியானாவின் கரண்டி பாத்திரத்தில் இடித்தது. துன்யா திரையைப் பார்த்தாள், பச்சைச் சால்வைக்கு மேலே ஒடுங்கி நிற்கும் கிளையைப் பார்த்தாள், பிறகு அடுப்பின் முன்னால் ஒடுங்கி நிற்கும் அண்ணியைப் பார்த்தாள். அந்த விருந்து நாளில் தான் ஹீட்டரைக் கூட்டியது நினைவுக்கு வந்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மா," என்றாள் மெதுவாக. "அண்ணாந்து பாக்காதே."

"நான் எங்கடி அண்ணாந்து..." என்று ஆரம்பித்த ரதொய்கா நிறுத்தினாள். மகளைப் பார்த்தாள். மருமகளின் விலாவோடு ஒட்டிய முழங்கைகளைப் பார்த்தாள். படிக்காதவள்தான், மடச்சி இல்லை. நாற்காலியை முனகலோடு ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, தோட்டத்தில் நாய் என்ன செய்கிறது என்று ஆராய ஆரம்பித்தாள்.

"வால் முதுகுக்கு மேல இருக்கு," என்றாள் யாரிடமோ. "வேகமா ஆடுது."

"சந்தோஷமா இருக்குன்னு சொல்லும்மா," என்றாள் துன்யா.

காபி கோப்பைகளில் இறங்கியது. பாத்திரம் நிறைய மிஞ்சியிருந்த கல்யாண நூடுல்ஸையும் எடுத்து வைத்துவிட்டு, தியானா வெசெலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பளிச் சட்டைக்குள் தோளைத் தளர்த்திப் புதைந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு காலை மடித்து நாற்காலி மேல் தனக்கடியில் இழுத்துக்கொண்டாள். அதை துன்யா பார்த்துவிட்டாள். பார்த்ததும் கண்ணைத் தன் தட்டுக்கு இறக்கிக்கொண்டு, நூடுல்ஸைச் சாப்பிடத் தொடங்கினாள்.